நான் நீட்டிய ஒலிவாங்கி

மாறா,

ஞாயிறன்று உன் அப்பா சிதம்பரத்துக்குச் சோறு எடுத்து வரும்போது இந்த மடலையும் கொண்டுவருவார். முதலில் சாப்பிடு, வஞ்சிர மீன் குழம்பு வைத்திருக்கிறேன், ஆறினால் நன்றாயிராது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு தனியே படி. நீ கடலூர் வீட்டைவிட்டு மருத்துவமனை விடுதிக்குப் போய் ஓராண்டு ஆகப்போகிறது. இத்தனை நாளில் தொலைபேசியில் நாம் பேசியதெல்லாம் சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்பதோடு முடிந்துவிட்டது. ஊர் ஊராய்ப் போய் மணிக்கணக்கில் முழங்குகிறவள், பெற்ற மகனிடம் பேசச் சொல்லில்லாமல் நிற்கிறேன். அடுத்த மாதம் நீ பயிற்சிக்காக நார்வே நாட்டுக்குப் புறப்படுகிறாய். அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இதழ் ஒன்று தன் ஆண்டு மலருக்காக, அயல்நாடு செல்லும் மகனுக்கு ஒரு தாயின் மடல் வேண்டும் என்று என்னிடம் கேட்டது. எழுதியும் முடித்துவிட்டேன். மொழியை மறவாதே, மண்ணை மறவாதே, பனி பெய்யும் நாட்டிலும் தமிழனாய் நிமிர்ந்து நில் என்று எட்டுப் பக்கம். உன் அப்பா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிமன்றத்தில் எழுத்தராய் இருந்து, வழக்கறிஞர்களின் முழக்கங்களைக் கேட்டுக் கேட்டுக் காது பழுத்த மனிதர். "நல்லாத்தான் இருக்குது. எந்தெந்த எடத்துல கைதட்டணும்னு ஓரத்துல பென்சில்ல போட்டுடு, புள்ளைக்கு வசதியா இருக்கும்" என்றார். எனக்குச் சினம் வந்தது. பிறகு அந்தச் சினம் என்மேலேயே திரும்பியது. அந்த எட்டுப் பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது மடல். இதில் கைதட்ட ஓரிடமும் இல்லை.

நான் எழுதவேண்டியது அந்த விழா மாலையைப் பற்றி. அதற்குமுன், அந்த மாலைக்கு என்னை இழுத்துச் சென்றது எது என்று சொல்லிவிடுகிறேன். நீ செவிலியப் படிப்புக்குச் சேர்ந்தபோது நான் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. எல்லாத் தொழிலும் ஒன்றென்று மேடையில் பேசுகிறவள் வீட்டில் எப்படி மறுப்பேன்? மறுக்காமல் வேறொன்று செய்தேன். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டவர்களிடமெல்லாம் "நெஞ்சக மருத்துவத்தில் இருக்கிறான்" என்றேன். "டாக்டருங்களா?" என்று அவர்கள் வியந்தால் புன்னகைத்தேன். வாய் திறந்து ஆம் என்று சொல்லாததால் அது பொய்யாகாது என்று எண்ணிக்கொண்டேன். ஒருமுறை கடலூர்ப் பேருந்து நிலையத்தில் என் பேச்சை விரும்பும் பெரியவர் ஒருவர் உன் கையைப் பிடித்து "டாக்டர் தம்பி" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "டாக்டர் இல்லீங்க ஐயா, நர்ஸு" என்றாய். உன் குரலில் குறை ஏதுமில்லை. என் முகம் போன போக்கை மட்டும் நீ பார்த்துவிட்டாய். பேருந்தில் ஏறிய பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாய்.

உன் மருத்துவமனைக்கும் நார்வேயின் கடற்கரை நகரொன்றின் மருத்துவமனைக்கும் ஏற்பட்ட உடன்பாட்டை நான் பல மேடைகளில் புகழ்ந்திருக்கிறேன். ஆண்டுக்கு இருமுறை அவர்கள் வந்தார்கள். தொடக்கத்தில் அவர்கள் அறுவை செய்ய நம்மவர் பார்த்து நின்றார்கள், பிறகு நம்மவர் செய்ய அவர்கள் பின்னால் கைகட்டி நின்றார்கள். நான் அறிந்து வைத்திருந்தது அவ்வளவே. அவர்களின் தலைமைச் செவிலியர் இங்கிரித் உன்னோடு சேர்ந்து உருவாக்கிய மறுபாதியை நான் பொருட்படுத்தவே இல்லை. நெஞ்சுக்குள் குருதி திரும்பி ஓடாமல் காக்கும் வால்வு பழுதாகி, அதற்குப் பதிலாக உலோக வால்வு வைக்கப்பட்டவர்கள், உறைதலைத் தடுக்கும் மாத்திரையை நாள்தோறும் உண்ண வேண்டும். மாதந்தோறும் குருதியைச் சோதிக்க வேண்டும். விட்டால் குருதி கட்டி வால்வு நின்றுபோகும். அதற்காகவே மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்து, வாரம் ஒருநாள் நீ உட்கார்ந்தாய். "அறுவ ஒருநாள் வேல, மிச்ச ஆயுசெல்லாம் நம்ம வேலன்னு இங்கிரித் சொல்லும்மா" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாய். நான் அடுத்த கூட்டத்துக்கான குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். உம் கொட்டினேன்.

அந்த அறைக்கு வந்துபோன பெண்களில் ஒருத்தி ஒருநாள் நம் வீட்டுக்கு வந்தாள். அவள் பெயரையோ ஊரையோ இங்கே எழுதேன். பல் பிடுங்கவேண்டியிருக்கிறது, மாத்திரையை நிறுத்தலாமா என்று உன்னிடம் கேட்கத் தன் அம்மாவோடு வந்தாள். நீ வெளியே போயிருந்தாய். அவளுடைய அம்மா கூடத்தில் உன் அப்பாவோடு மீன் விலை பேசிக்கொண்டிருக்க, அவள் அடுக்களைக்கே வந்து, "குடுங்கம்மா, நான் ஆத்தறேன்" என்று காப்பிக் குவளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நெஞ்சில் வலி உண்டா என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இல்லம்மா. சத்தந்தான். ராத்திரில டிக்கு டிக்குன்னு கேக்கும். ஆஸ்பத்திரிலேந்து வந்த புதுசுல எங்கம்மா அத்த செவுத்துக் கடியாரம்னு நெனச்சிக்கினு பேட்டரிய கழட்டிடுச்சி. அப்பயும் கேக்குதா, பயந்துபோயி எங்கப்பாவ எழுப்பி, 'யோவ், செத்த கடியாரம் ஓடுதுய்யா'ன்னு ஒரே கத்து."

நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் காப்பி தளும்பியது. பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். திருமணம் பேசி முடித்திருந்தார்கள். பையன் வீட்டுக்கு இன்னும் இது தெரியாது.

"கல்யாணம் ஆனா அவருக்கும் கேக்குமில்லம்மா. அதுக்கு முன்ன நானே சொல்லிடணும். வேற யாரோ சொல்லி அவரு கேக்கக்கூடாது. மாசி மகத்துக்கு அவுங்க எங்க ஊருக்கு வராங்க. அன்னிக்கி கடல்கரைல வச்சி சொல்லிடலாம்னு இருக்கறேன். மாறண்ணன்தான் சொல்லிச்சி, சொல்லவேண்டியதும் நீதான், எப்ப சொல்லணுங்கறதும் நீதான்னு."

(இங்கே சில வரிகள் நீக்கப்பட்டுள்ளன.)

நான் அவள் தலையைத் தடவி, துணிந்து சொல் என்றேன். ஆகவே, மாறா, எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழியை அந்த அடுக்களை அடைத்துவிட்டது.

மாசி மகத்துக்குச் சில நாள் முன்னர் சிதம்பரத்தில், உன் மருத்துவமனையின் விழா. நோயர்களை ஒரு வேளை உணவுக்கும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும்தான் நீ அழைத்திருந்தாய். மேடைக்கு எவரையும் கூப்பிடமாட்டோம், படம் எடுக்கமாட்டோம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியே அழைத்திருந்தாய். நார்வே மருத்துவர் மிகச் சுருக்கமாகப் பேசினார். இனி நாங்கள் தேவைப்படாத நாள் வந்தால் அதுவே எங்கள் வெற்றி என்றார். பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்து நான். மேடைப் படியேறும்போது பின்னால் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "இந்தம்மா பையன் இங்கதான் டாக்டராமே?" "டாக்டராவது ஒண்ணாவது, நர்ஸுய்யா."

அந்த ஒரு வரியை அவையின் முன் அழிக்கவேண்டும் என்ற வெறியோடு ஒலிவாங்கியைப் பிடித்தேன். கடல் கடந்து வந்த அறிவு, கடலோரத்துக் கைகள் என்று அடுக்கினேன். கைதட்டல் ஏறியது. முன்வரிசைக்கு அடுத்து அவள் உட்கார்ந்திருந்தாள். "என் மகன் காத்த நெஞ்சம் இதோ இருக்கிறது! எழுந்து வா, மகளே!" என்றேன். அவள் உன்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ பின்னால், இரு கையிலும் தண்ணீர்க் குப்பிகளோடு நின்றுகொண்டிருந்தாய். அவை முழுவதும் தட்டுகிறது, காப்பி ஆற்றிக் குடித்த வீட்டு அம்மா அழைக்கிறாள், எப்படி வராமலிருப்பாள்? துப்பட்டாவைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். அவள் தோளில் கைபோட்டு, அந்தக் கருவியை அவள் நெஞ்சருகே நீட்டினேன். "கேளுங்கள்!" என்றேன்.

அரங்கம் அடங்கியது. ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் அந்த ஒலி வந்தது. டிக். டிக். டிக். கடிகாரம் என்று அவள் அம்மா ஏமாந்த ஒலி. கணவனாகப் போகிறவன் கேட்குமுன் தானே சொல்லவேண்டும் என்று அவள் காத்த ஒலி. அது விரைந்துகொண்டே போனதை நானும் கேட்டேன். அச்சத்தில் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டதுதான் அது. எனக்கோ அது பறையொலி போல இருந்தது. பிறகு எழுந்த கைதட்டலைப்போல் என் வாழ்நாளில் நான் பெற்றதில்லை. மேடையில் என் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இங்கிரித் தட்டவில்லை. தமிழில் ஒரு சொல் அறியாத அவர் எழுந்து வந்து, ஒலிவாங்கிக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவே நின்று, அவளை அணைத்தாற்போல் கீழே அழைத்துப் போனார். மேடைக்குக் கூப்பிடமாட்டோம் என்று நீ அவளுக்குத் தந்த உறுதி மறந்துவிட்டதா என்று நீ கேட்கலாம். மறக்கவில்லை. நினைவில் இருந்தது. கைதட்டல் அதைவிடப் பெரிதாய்த் தோன்றியது.

என் பேச்சைப் பரப்பும் இளைஞர்கள் அதைக் காணொளியாக்கி, பின்னால் மேளமும் சேர்த்துவிட்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பையன் வீட்டு மாமன் பெண் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாராம். "பொண்ணு நெஞ்சுல மிஷினு ஓடுதாமே? ஊருக்கே மைக்கு வச்சி கேக்க உட்டீங்க, எங்ககிட்ட மட்டும் வாய தொறக்கல." திருமணம் நின்றது. அந்தப் பையன் உன்னைத் தேடி மருத்துவமனைக்கு வந்தான். நீ எதையும் சொல்ல மறுத்து, "அத அவுங்ககிட்டதான் கேக்கணும்" என்று திருப்பி அனுப்பினாய். ஊரே கேட்டுவிட்ட பிறகும் நீ அவளுக்காகக் கதவை மூடி நின்றாய். அவன் கேட்டானா, அவள் சொன்னாளா, எனக்குத் தெரியாது. கடல்கரையில் அவளே சொல்லியிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. அதை அழித்தவள் நான்.

அதைவிடத் தலைகுனிவான ஒன்றும் உண்டு. நீ வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் முதலில் வருந்தவில்லை. வாதிட்டேன். "மறைத்து மணம் செய்வது மட்டும் அறமா?" என்றேன், மேடைக் குரலில். நீ துணிப்பையை எடுத்து அடுக்கத் தொடங்கினாய்.

"அவ மறைக்கலம்மா. சொல்லத்தான் போனா. அவ வாயிலேந்து நீ புடுங்கிட்ட."

துணிப்பையோடு நீ படியிறங்கியபோது, உனக்கு ஒன்பது அகவையில் நடந்த பள்ளி விழா எனக்கு நினைவு வந்தது. நான் எழுதித் தந்த உரையை மறந்து நீ மேடையில் திகைத்து நின்றாய். கீழிருந்து உதட்டை அசைத்துப் பார்த்தேன். பிறகு நானே ஏறி, உன் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கி, உன் உரையை முழங்கி முடித்தேன். பள்ளியே எழுந்து தட்டியது. வீடு திரும்பும் நகரப் பேருந்தில் நீ என்னருகே உட்காராமல் நடத்துநரின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய். பிள்ளைக்கு வெட்கம் என்று எண்ணிச் சிரித்தேன். இன்னும் சற்று நேரம் விட்டிருந்தால் அன்று உனக்குச் சொற்கள் வந்திருக்குமோ என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. பெண்ணுக்குக் குரல் வேண்டும் என்று ஊர்தோறும் பேசினேன். என் எதிரே இருந்தவர்களின் குரலையெல்லாம் நானே பேசித் தீர்த்தேன்.

சில திங்கள் கழித்து, துணி எடுக்க நீ வந்த நாளில், அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நீ என்மேல் குரல் உயர்த்தியது அன்று ஒருமுறைதான். "மூணு மாசமா ரத்தம் பாக்க வரலம்மா அவ! அந்த ரூமுக்கு வந்தா ஊரு பாக்கும்னு வரல. எப்ப வேணா வால்வு நின்னுடும், தெரியுமா ஒனக்கு?" உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாய். "இதக்கூட ஒங்கிட்ட சொல்லியிருக்கக்கூடாது நான்." அதன்பின் எத்தனைமுறை கேட்டாலும், "அத கேக்காதம்மா" என்பது ஒன்றே உன் மறுமொழி.

நான் பொறுக்கமாட்டாமல் அவள் ஊருக்கே போனேன். பொறுத்தருளச் சொல்லிக் காலில் விழவும் ஆயத்தமாய் இருந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதுமே "பேச்சுக்காரம்மா வந்திருக்காங்க" என்று ஆள் சேர்ந்துவிட்டது. எவரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான்கைந்து கைப்பேசிகள் உயர்ந்தன. அவளுடைய அம்மா கையில் மீன் செதிலோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். உடனே உரத்த குரலில், "ஆடித் திருவிழாவுக்குப் பேசறதுக்கு வந்திருக்காங்க. தலைவரு வூடு அந்தப் பக்கம்மா, நீங்க மாறி வந்துட்டீங்க" என்றாள். வழிகாட்டுவது போல என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "போயிடுங்கம்மா. நீங்க நின்னா ஊரே நிக்குது" என்றாள்.

போய்விட்டேன். அவள் சொன்ன பொய்யைக் காப்பதற்காகத் தலைவர் வீட்டுக்குப் போய், திருவிழாவில் பேச இசைவும் தந்துவிட்டு வந்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். அவள் வீட்டுக்கு எட்டும் தொலைவில் என் குரலை ஒலிபெருக்கியில் கட்டுவதா? வரவில்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னால் அவள் மீண்டும் பேச்சாவாள், சொல்லவில்லை. "வெள்ளக்காரன் மேடை கெடச்சிடுச்சி, இனிமே எங்க மேடை கவுச்சி அடிக்கும் போல" என்று தலைவரின் மச்சான் தொலைபேசியிலேயே சொன்னார். எத்தனை மறுமொழி நாவின் நுனிவரை வந்தது தெரியுமா? விழுங்கினேன். அந்தக் காணொளியை நீக்கச் சொன்னபோதும், "ஒங்க பேச்சுலயே அதாம்மா டாப்பு" என்று அதைப் பரப்பிய இளைஞன் வருந்தினான், பிறகு நீக்கிவிட்டான். ஆனாலும் எத்தனை கைப்பேசிகளுக்குள் அது இன்னும் ஒலிக்கிறதோ, எவர் அறிவார்?

நீ போகுமிடத்தில் உன்னை அவர்கள் பலமுறை பேசச் சொல்வார்கள். நம் ஊர்ப் பணியை, நம் நோயர்களை எடுத்துக்காட்டச் சொல்வார்கள். உன்னிடம் சொல்ல எனக்குள்ள அறிவுரை ஒன்றே. அதுவும் நான் உன்னிடம் கற்றது. எவருடைய வாழ்வையும் உன் பெருமைக்குச் சான்றாக நிறுத்தாதே. இன்னொன்று: போன வாரம் பேருந்தில் ஓர் அம்மா என் மகன் என்ன செய்கிறான் என்று கேட்டார். "செவிலியராக இருக்கிறான்" என்றேன். "ஆம்பள நர்ஸா? நல்லதும்மா, தூக்கி உக்கார வைக்க கையில பலம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் வேர்க்கடலை உரிக்கத் தொடங்கினார். அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கு எனக்கு இத்தனை ஆண்டும், ஒரு பெண்ணின் திருமணமும் தேவைப்பட்டிருக்கின்றன.

இந்த மடலை இதழுக்கு அனுப்பும் உரிமை என்னிடம் இல்லை, உனக்கும் தரவில்லை. பெயரை விட்டாலும், அந்தக் காணொளியைக் கண்டவர்களுக்கு அவள் யாரென்று தெரியும். ஆகவே முடிவு அவளுடையது. அவளைத் தேடிப் போகாதே. நீ புறப்படுமுன் மஞ்சக்குப்பத்து அறைக்கு அவள் தானாக வந்தால், விரல் நுனியில் குருதி எடுத்து முடித்தபின், கேட்க விருப்பமா என்று கேள். ஆம் என்றால் முழுவதும் படித்துக் காட்டு. என் தமிழ் கடினமாய் இருக்குமிடத்தில் உன் பேச்சில் சொல். அவள் வெட்டச் சொல்லும் வரிகளை வெட்டு. வெட்டிய இடம் வெட்டியதாகவே தெரியட்டும். அவள் இசைந்தால் மட்டும் நீயே இதழுக்கு அனுப்பு. வேண்டாம் என்றால் அவள் கையாலேயே கிழிக்கட்டும். வந்தாளா, என்ன சொன்னாள் என்று எனக்கு நீ சொல்லவேண்டியதில்லை. நானும் கேட்கமாட்டேன்.

மலர் வெளிவரும் நாளில் பேருந்து நிலையத்துக் கடையில் நின்று பக்கங்களைப் புரட்டுவேன். இம்மடல் அதில் இருந்தால், அவள் வந்தாள் என்றும், அந்தக் கடிகாரம் ஓடுகிறது என்றும், இம்முறை சொன்னவள் அவளே என்றும் அறிந்துகொள்வேன். இல்லாவிட்டால் மலரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வாய் திறவாமல் வீட்டுக்கு நடப்பேன்.

உன் அம்மா